இரண்டு முனையிலும் பிளக்

எங்கள் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் அந்த ஒயரும் இருக்கும். அதற்கு இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் சொருகி, மற்றதைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் சொருகினால் கட்டடம் முழுக்கக் கரண்ட் வந்துவிடும். என் தையல் ஷெட்டுக்குள் அதை நான் விட்டதில்லை.

அன்று காலைக் காற்றில் தென்னை மட்டை விழுந்து தெருமுனையில் லைன் அறுந்தது. மாலைக்குள் பனியன் பண்டல்கள் கம்பெனிக்குப் போயாக வேண்டும். எனக்குத் துணி கொடுக்கும் கான்ட்ராக்டர் வேனில் பெரிய ஜெனரேட்டரோடு வந்தார். தோளில் அந்த ஒயர். வெளியே லைன்மேன் போஸ்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

“அதைச் சொருகாதீங்க தம்பி,” என்றேன்.

“மெயினை எறக்கிட்டாப் போச்சுங்க்கா. ஊரே இப்படித்தானுங்க ஓட்டுது.”

என் மெயின் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில், மேல்வீட்டு மெயினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் கைக்கு வந்த மெயினைத் தூக்கி இறக்கிப் பார்ப்பது மேல்வீட்டுக்காரர்கள் வழக்கம். என்னுடையதை ஒருமுறை தூக்கினால் போதும், ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனில் ஏறிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைப் பிடித்திருப்பவர் என்ன ஆவார்? இதையெல்லாம் கான்ட்ராக்டரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒயரை உதறிப் பிரித்தார்.

துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கும் திருநெல்வேலிக்காரப் பெண் மெஷினிலிருந்து எழவில்லை. “அண்ணாச்சி, நீங்க மேல ஏறிக் கம்பியப் பிடிச்சுக்கிடுங்க. நாங்க சொருகுதோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கான்ட்ராக்டர் சிரிக்கவில்லை.

“பண்டலை எடுத்துட்டு அடுத்த ஷெட்டுக்குப் போயிருவேனுங்க.”

“எடுத்துக்குங்க. அந்த ஒயர் என் செவுத்துல ஏறாதுங்க.”

பாதிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஷெட்டும் அதே லைன்தான். வேன் அங்கே போய் நிற்பதற்குள் நான் போஸ்டடிக்கு நடந்தேன்.

“ஏனுங்க, கொஞ்சம் கீழ எறங்குங்க. பக்கத்து ஷெட்டுல ஜெனரேட்டரைச் செவுத்துல சொருகப் போறாங்க.”

லைன்மேன் உடனே இறங்கினார். நேராக அந்த ஷெட்டுக்குப் போய், ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து தன் வண்டிப் பெட்டியில் போட்டார். லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்த பிறகுதான் மறுபடி ஏறினார். கான்ட்ராக்டர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

“இனி உங்களுக்குத் துணி இல்லீங்க்கா.”

“சரிங்க.”

திரும்பி வந்து என் சின்ன ஜெனரேட்டரைத் வெளியே திறந்தவெளியில், புகை கதவு ஜன்னல் பக்கம் வராதபடி தள்ளி வைத்தேன். ஷெட்டுக்குள் வைத்தால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும். ஒரு மெஷினும் மாட்டாமல் முதலில் ஓடவிட்டு, பிறகு தடித்த ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நேராக இரண்டு மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினேன். அந்த ஜெனரேட்டரின் சக்தி அவ்வளவுதான். அயர்ன் பாக்ஸை மாட்டவே இல்லை. பெட்ரோல் தீர்ந்தபோது நிறுத்தி, சூடு ஆறக் காத்திருந்து ஊற்றினேன். மற்றவர்கள் உட்கார்ந்து பிசிறு வெட்டினார்கள். மீதியிருந்த பண்டல்களை மாலையில் அனுப்பிவிட்டோம்.

சொன்னபடியே கான்ட்ராக்டரிடமிருந்து அதன்பின் துணி வரவில்லை. சாமளாபுரம் பக்கம் வேறொருவரிடம் வேலை பிடித்தேன். தெருவில் சிலர் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். போஸ்டில் ஆள் ஏறினால் இன்றைக்கும் வீடு வீடாகப் போய்ச் சுவரில் அந்த ஒயர் சொருகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். கதவைத் திறக்காதவர்கள் வாசலில் நின்று, திறக்கும்வரை மணியடிக்கிறேன்.