நைனா பெயர் சொல்லி ஜெபித்த சாயங்காலங்கள்

விஜயபுரம் பக்கத்துச் சிற்றூரில் மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்து, நகரியில் வாழ்ந்து, சென்ற ஆண்டு இதே நாட்களில் ஆண்டவரிடம் இளைப்பாறச் சென்ற எங்கள் அப்பாவை, நாங்கள் நைனா என்று அழைத்தவரைப் பற்றி எழுதும்படி அக்கா சொன்னார். "உன் நக்கலெல்லாம் வேணாம், ஒழுங்கா எழுது" என்றும் சொன்னார். முயல்கிறேன்.

இளம் வயதிலேயே தகப்பனை இழந்த நைனா, வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போய்க்கொண்டே படித்து, அரசுப் பேருந்தில் கண்டக்டர் ஆனார். நகரிக்கும் திருப்பதிக்கும் இடையே காலமெல்லாம் நின்றபடியே பயணம் செய்தவர். கைக்குழந்தையோடு நிற்பவருக்கு இடம் பிடித்துத் தராமல் விசில் ஊத மாட்டார்.

வீட்டில் அவருடைய பெரும்பணி சாயங்கால ஜெபம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவரவர் குறையையும் சேர்த்துச் சொல்லி ஜெபிப்பார். என் முறை கடைசி. "ஆண்டவரே, இவன் எழுதறத நாலு பேராச்சும் படிக்கணும்" என்று எல்லோர் முன்னிலையிலும் மன்றாடுவார். அதற்குள் ரசம் ஆறிவிடும். அந்த விண்ணப்பம் இன்னும் ஆண்டவரின் பரிசீலனையில் இருக்கிறது.

நுரையீரலில் புற்றுநோய் என்று திருப்பதி மருத்துவமனையில் சொன்னபோதே அது முற்றியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் "பீடி குடிப்பாரா?" என்று கேட்டார்கள். தொட்டதே இல்லை என்றதும் சிலருக்கு ஏமாற்றம். நைனாவுக்கு நான்கு வார்த்தை பேசினாலே இரைத்தது. அவரைச் சிரமப்படுத்தக் கூடாதென்று ஜெபத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். முதல் நாள் நான் செய்தேன்; உவமையெல்லாம் வைத்து, சுருக்கமாக. நைனா கண் திறந்தார்.

"யாருக்குடா பண்ண? ஒரு பேர் கூட வரல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், அதன்பின் சாப்பாடும் வேண்டாம் என்றார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து கவனிக்கும் செவிலியர் பத்மா சிஸ்டரிடம் வலி, பசி, உறக்கம் என்று நான் விளக்கமாக ஒப்பித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நைனா, இருக்கிற மூச்சுல உங்களுக்கு இன்னா செய்யணும்?"

"ஜெபம் பண்ணணும்மா. பேர் சொல்லி."

"அப்ப மத்ததுக்கெல்லாம் மூச்ச செலவு பண்ணாதீங்க."

அன்றிலிருந்து நைனாவின் நாள் முழுவதும் அந்த ஜெபத்தைச் சுற்றி அமைந்தது. சாயங்காலக் குளியல் காலைக்குப் போனது; அதுவும் உட்கார வைத்துத் துடைத்துவிடுவதாக மாறியது. பார்க்க வருபவர்களும் காலையில்தான். "நீங்க பேசுங்க, அவரு கேட்டுக்கினு இருக்கட்டும்" என்பது சிஸ்டரின் கண்டிப்பு. திணறலைத் தணிக்கும் மருந்தை, டாக்டரைக் கேட்டு, ஜெபத்துக்குச் சற்று முன்பாகக் கொடுத்தார். மேசைமேல் தலையணை வைத்து முன்சாய்ந்து உட்காரவும், முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி வைத்துக்கொள்ளவும், ஒரு பெயர் சொன்னதும் நிறுத்தி மூச்சு விடவும் பழக்கினார். எல்லாப் பெயரும் ஒரே நாளில் வேண்டாம் என்றார்.

"பஸ்ல அத்தினி பேரையும் ஒரே ட்ரிப்புல ஏத்துவீங்களா நைனா?"

"ஏத்தியிருக்கேன்மா," என்றார் நைனா. "டாப்பு மேல."

அன்று களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் சிஸ்டரின் பெயரையும் சொல்லி ஜெபித்தார். முடிந்ததும், "உங்க பெருமாள் கோச்சிக்கினு போயிடுவாராம்மா?" என்று கேட்டார்.

"ஏமி காது நைனா, ஒண்ணும் ஆகாது. மலை மேல அவருக்குக் கூட்டம் ஜாஸ்தி, கவனிச்சிருக்க மாட்டாரு."

இப்படி நாளுக்குச் சிலராக எல்லோரும் முடிந்து, என் முறை வந்தது. வழக்கமான புகாருக்குத் தலை குனிந்தேன்.

"ஆண்டவரே... இவன்..."

நிறுத்தினார். விசிறிக் காற்றில் அவருடைய வெள்ளை முடி அசைந்துகொண்டிருந்தது. அடுத்த மூச்சுக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

"பரவால்ல," என்றார்.

அந்த வாரமே, அம்மாவின் கையைப் பிடித்தபடி, திணறல் இல்லாமல் போனார்.

நன்றியை மொத்தமாகச் சொன்னால் நைனாவுக்குப் பிடிக்காது. பத்மா சிஸ்டர். எப்போது அழைத்தாலும் போனை எடுத்த திருப்பதி டாக்டர். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்த எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணன். எங்களுக்காகத் தம் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்ட போதகர் ஐயா. இவர்கள் பெயரும், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் பெயரும் எங்கள் சாயங்கால ஜெபத்தில் இருக்கின்றன. இப்போது அதை நான்தான் செய்கிறேன். உவமை கிடையாது. பெயர்கள் மட்டும்.

ரசம் ஆறிப்போகிறது என்கிறார் அம்மா.