ஆறு நிமிட நடை

கோவிட் வந்து மாதக்கணக்காகியும் தேறாதவர்களை ஜார்ஜ் டவுன் கிளினிக்கில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, தூரத்தை அளந்து எழுதுவது என் வேலை.

ஜுரு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அக்கா ஒருவர், அன்று போன தடவையைவிட அதிக தூரம் நடந்தார். சந்தோஷமாகத் 'தேறிவிட்டார்' என்று எழுதினேன்.

மதியம் சாப்பிடக் கிளம்பினால், கார் பார்க்கில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, நல்லாத்தானே நடந்தீங்க?"

"அளக்கும்போது நல்லா நடக்கணும்னு ரெண்டு நாளா சமைக்காம, குளிக்காம படுத்தே கெடந்தேன் தம்பி. இனி மூணு நாளைக்கு எந்திரிக்க முடியாது லா."

ஓடிப்போய் அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தேன். அவருக்கு முன்னால் எத்தனை பேரை அப்படி எழுதினேனோ? பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் நன்றாகத்தான் நடந்திருக்கிறார்கள்.