பச்சைக் கொக்கிக்குப் போன சீட்டு

அச்சகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், அச்சடிப்பதைவிட "அடுத்து எதை அடிக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் நான் குமாஸ்தா. கொஞ்சம் பகல் கனவு காணும் ஆள். கனவு நல்ல இடத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது வந்து இதையே கேட்பார்கள்.

மூன்று கொக்கிகள்

சுவரில் மூன்று கொக்கிகள் அடித்து வண்ணம் பூசினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வெள்ளையில் தொங்கினால் எழுத்து கோர்க்கணும். மஞ்சள் என்றால் கோர்த்தாயிற்று, வேலை கொடுத்த பார்ட்டியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். பச்சைக்கு வந்துவிட்டால் பார்ட்டிக்குச் சம்மதம், மிஷினை ஓட்டலாம். யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

ஒரே வாரத்தில் அச்சகம் அமைதியாகிவிட்டது. மிஷின் சத்தம் தாலாட்ட, நான் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"எல்லாம் தானா நடக்குது, சரி. அப்ப உமக்கு எதுக்குய்யா சம்பளம்?"

அவசரக்காரர்

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார். நான் அசந்த நேரத்தில் தன் சீட்டை வெள்ளையிலிருந்து எடுத்துப் பச்சையில் மாட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மிஷின்காரர் கருப்பையா சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு எழுத்துகூட இன்னும் கோர்க்கலை. வெறுந்தாளை அடிச்சுக் குடுத்தா வாங்கிக்கிருவீகளான்னு அவுகளக் கேளுங்க!"

இருநூறு அழைப்பிதழ்கள்

சிங்கம்புணரியில் தனலட்சுமி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். ஒரு மாதம் ஓடிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவள் பேரை என் பேருக்குப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில், மனதில் தோன்றிய ஒரு தேதியைப் போட்டு நானே ஓர் அழைப்பிதழ் கோர்த்தேன். பதில் வராததால் சீட்டை மஞ்சளில் மாட்டினேன். தினமும் அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

ஒரு மத்தியானம், மழை வரும் வாசனை. வேறொரு சீட்டைப் பச்சைக்கு மாற்றும்போது, ஏதோ நினைப்பில் என்னுடையதும் கூடவே போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் மேஜை நிறைய என் கல்யாணம் காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் சொல்ல வந்த அவள் அப்பா நிற்கிறார்! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிதானமாகக் கடைசி வரி வரை வாசித்து முடித்தார்.

"நாங்க சரின்னு சொல்லுறதுக்குள்ள அடிச்சே போட்டீக. அது போகட்டும். ஆடி மாசத்துல யாராச்சும் கல்யாணம் வைப்பாகளா மாப்பிள்ளை? எம்மகளும் சம்மதம்னுட்டா. ஆவணிக்கு மாத்தி அடிங்க."

யாரும் யாரையும் கேட்காமல் வேலை நடக்க வழி கண்டுபிடித்த நான், அந்த ஆவணிக்குப் பிறகு தனலட்சுமியைக் கேட்காமல் ஒரு வேலையும் செய்ததில்லை.