பின்பக்க இடது டயர்

சலவைக்கடை அக்காவுக்குக் கார் பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். ஆனாலும் மூன்று வருடமாக ஒரு பந்தயம் விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டிவி பார்த்தாள். எல்லாம் மகளுக்காக. மகள் வேலை பார்த்தது பெரும்பாலும் கடைசிக்குப் பக்கத்தில் வந்து சேரும் ஒரு பச்சை அணியில். டயர் மாற்றக் கார் உள்ளே வந்து நிற்கும்போது, பின்பக்க இடது சக்கரத்தில் புது டயரை மாட்டுவது நான்தான் என்று சொல்லியிருந்தாள். ஆனால் டிவிக்காரர்களுக்கு முதலில் போகிற காரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பச்சை வண்டி உள்ளே திரும்பும், அக்கா நாற்காலி நுனிக்கு வருவாள், அதற்குள் படம் மாறிவிடும். திட்டித் தீர்ப்பாள்.

அக்காவின் தம்பி பேருந்து ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடித்த கை என்பதால் பந்தயமும் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. ஞாயிறானால் வந்துவிடுவான். தேய்த்து அடுக்கிய துணிகளை ஒதுக்கிவிட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொள்வான்.

“எங்கக்கா உன் பொண்ணு? நானும் மூணு வருஷமா தேடறேன். டயர் மாத்துறாளாம், டயர்! அங்க கூட்டிப் பெருக்குற வேலையா இருக்கும். சொல்ல வெக்கப்பட்டு அளந்து விடுறா.”

“பெருக்கினா என்னடா கொறஞ்சு போச்சு? காலை எடு, சட்டை கசங்குது.”

அவன் வாயை அடைத்துவிடுவாள். ஆனால் அவன் போன பிறகு மனம் அரிக்கும். சின்ன வயதில், பள்ளிக்கூடமே போகாத ஒரு நாளில், டீச்சர் தன்னைப் பாராட்டியதாக வந்து சொன்னவள்தான் இவள். பெருக்குகிற வேலை என்றால் அக்காவுக்கு வருத்தமில்லை. பெற்றவளிடமே பொய் சொல்கிறாளோ என்பதுதான் உறுத்தல். கேட்கவும் வாய் வரவில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு மகளே டிக்கெட் அனுப்பினாள்.

“அங்க போயி என்னத்தப் பாப்ப?” என்றான் தம்பி. “சர்ருனு போகும், அவ்ளோதான். டிவியில பாத்தாதான்க்கா பந்தயம்.”

“நீ பந்தயத்தப் பாரு. நான் எம் பொண்ணப் பாக்கப் போறேன்.”

தம்பி சொன்னது பாதி உண்மைதான். காதைக் கிழிக்கிற சத்தம். எது முதலில் போகிறது, எது ஒரு சுற்று பின்தங்கி வருகிறது என்று தலைகால் புரியவில்லை. எதிரே ஒரு பெரிய திரை இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்து இங்கேயும் டிவியா என்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் பார்த்தது நேர் கீழே. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் பச்சை அணியின் கொட்டகை. மழை தூற ஆரம்பித்ததும் அதிலிருந்து ஒரு கூட்டம் டயர்களோடு ஓடி வந்தது. எல்லோருக்கும் ஒரே பச்சை உடுப்பு, முகத்தை மூடிய கவசம். இதில் மகள் எங்கே?

பின்பக்க இடது சக்கரத்துக்கு நின்ற ஆள் டயரை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையின் பின்பக்கம் அழுத்தித் துடைத்தது. ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

“ஐயோ, அவதான்!”

பரீட்சைக்குப் போகும்போதும், ஊசி போடும்போதும், வேலைக்காக வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்றும் அவள் செய்தது அது. எத்தனை கால்சட்டைகளின் பின்னால் அந்த இரண்டு கை அழுக்கை அக்கா தேய்த்துத் தேய்த்துத் துவைத்திருப்பாள்! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் கண்ணில் நீர் முட்டியது.

கார் வந்து நின்றது. பழைய டயர் போனது, மகள் குனிந்தாள், புது டயர் உட்கார்ந்தது, கை உயர்ந்தது. பச்சை வண்டி பாய்ந்துவிட்டது. அதற்கு முன்பே உள்ளே வந்த பக்கத்துக் கொட்டகைக் கார் நட்டு சிக்கி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பச்சை வண்டி அதைத் தாண்டிப் போவதைப் பார்த்து அக்கா எழுந்து நின்று கத்தினாள். திரையில் முதல் கார் தனியாகப் போய்க்கொண்டிருந்ததால், பக்கத்தில் இருந்தவர்கள் இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தயம் முடிந்ததும் தம்பி போன் செய்தான்.

“அக்கா, ஃபர்ஸ்ட் வந்தவன் என்னமா ஓட்டினான் பாத்தியா!”

“அவன் கெடக்கான். பச்சை வண்டி எத்தனாவது?”

“இரு… பத்தாவது! பத்துக்குள்ள வந்தா புள்ளிக்கா! அவங்க இதுவரைக்கும் ஒரு புள்ளிகூட வாங்கினதில்ல. எங்க முந்தினான்? காட்டவே இல்லையே!”

“டயர் மாத்துற எடத்துலடா. முந்தினது அவன் இல்ல, உன் மருமக.”

“நெசமாவாக்கா?” என்றான் தம்பி, குரல் இறங்கி.

“எங்கண்ணால பாத்தேன்டா.”

கீழே பச்சை உடுப்புக்காரர்கள் கோப்பையே வாங்கிவிட்டதுபோல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். மகள் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அக்கா குடையைத் தூக்கி ஆட்டினாள். பார்த்துவிட்டவள் துள்ளிக் குதித்து, தோழர்களிடம் அம்மாவைக் காட்டத் திரும்பினாள். அப்போது பச்சைக் கால்சட்டையின் பின்னால் இரண்டு கை அளவுக்குக் கறுப்பு அழுக்கு அப்பியிருப்பது தெரிந்தது. ஆயுசு முழுக்கக் கறை போக்கிய அக்காவுக்கு அதைத் துவைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.