சிவப்புச் சால்வைக்காரி

டார்க்கஸ் ஸ்லைட்டருக்குப் புருஷன்மேல் ஒரே ஒரு சந்தேகம்தான். அது கல்யாணமான புதிதில் முளைத்தது. அவள் தலை நரைக்கத் தொடங்கியும் போகவில்லை. அவன் தீட்டும் ஒவ்வொரு மலைக்காட்சியிலும், ஓடைக்கரையிலோ பாறை ஓரத்திலோ, சிவப்புச் சால்வை போர்த்திய ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கடுகளவுதான் இருப்பாள். யார் அவள்?

ஹார்மன் ஸ்லைட்டர் வண்டிப் பட்டறையில் சக்கரங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவன். ஒரு வண்டியின் பின்பலகையில் விளையாட்டாக, ஊரை ஒட்டி நின்ற கேட்ஸ்கில் மலையை வரைந்துவைத்தான். கோடைக்கு மலைமேல் ஓட்டலில் தங்க வந்த நியூயார்க் கனவான் ஒருவர், அந்தப் பலகையைக் கழற்றித் தந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அன்றோடு பட்டறைக்கு முழுக்கு. அதன்பிறகு கோடை முழுக்கக் குடையும் மடக்கு நாற்காலியுமாக மலையில் திரிவான். பனி விழுந்ததும் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலில் கிறுக்கிவந்ததை வர்ணத்தில் தீட்டுவான். டார்க்கஸ் ஒருநாளும் கூடப் போனதில்லை. பசுக்களை யார் கறப்பது?

ஊர் வாய் சும்மா இருக்குமா? தேவாலய விருந்தில் பக்கத்துப் பண்ணை பீபி கூன்ஸ் ஆரம்பித்தாள்.

"ஏண்டி டார்க்கஸ், உன் வீட்டுக்காரர் மலையில யாருக்கோ சால்வை எடுத்துக் குடுத்திருக்காராமே?"

"ஆமா, உனக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்றேன். கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே!" என்று சிரித்துச் சமாளித்தாள்.

நியூயார்க் கண்காட்சியில் அவன் படம் ஒருமுறை இடம்பிடித்தது. நல்ல உடை உடுத்திக்கொண்டு அவளும் போனாள். பேர் தெரியாத ஓவியனின் படத்தைக் கண்மட்டத்திலா மாட்டுவார்கள்? கூரைக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். மலை தெரியவில்லை, மரம் தெரியவில்லை. சிவப்புச் சால்வைக்காரி மட்டும் பளிச்சென்று தெரிந்தாள்.

வீடு திரும்பியதும் வெடித்தாள். "இன்னைக்கு நீ சொல்லியே ஆகணும் ஹார்மன். யாரு அவ?"

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "அடி பைத்தியமே, அது ஆளே இல்ல. எங்க தொழில்ல எல்லாரும் வைக்கிறதுதான். அத்தனை பச்சைக்கு நடுவுல ஒரு துளி சிவப்பு. வேணும்னா கட்டைவிரலால மறைச்சுப் பாரு."

சுவரில் இருந்த படத்தில் மறைத்துப் பார்த்தாள். மலை செத்துப்போனது. விரலை எடுத்தாள், பச்சையெல்லாம் உயிரோடு எழுந்து நின்றது. இன்னொரு படத்திலும் பார்த்தாள். அதிலும் அப்படியே. அட!

"ஒரு துளி பெயிண்டோடயா இத்தனை காலம் சக்களத்திச் சண்டை போட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சந்தேகம் தீர்ந்தது, ஆனால் மனசு ஆறவில்லை. துளி பெயிண்ட்கூட அவனோடு எல்லா ஓடைக்கும் போயிருக்கிறது. அவள் போகவில்லை.

வயதான காலத்தில் ஹார்மனின் கண்ணில் திரை விழுந்தது. மலைப்பள்ளத்தாக்கு ஒன்றைப் பாதி பார்வையிலும் பாதி நினைவிலுமாகத் தீட்டி முடித்தான். இதுதான் கடைசி என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிவப்பைத் தூரிகையில் தொட்டுக்கொண்டு படத்தின்முன் தடுமாறினான். இடம் பிடிபடவில்லை. தப்பான இடத்தில் பட்டால் படமே போச்சு.

"நீயே வச்சிரு டார்க்கஸ்."

"நானா? எங்க வைக்க?"

"உன் கண்ணு எங்க போய் நிக்குதோ, அங்க."

வெகுநேரம் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பாறையில் வைத்தாள். மலை விழித்துக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வச்சிட்டியா? நிக்கிறாளா?"

"உக்காந்திருக்கா. திரும்பி உன்னையே பாக்குறா."

"இத்தனூண்டு புள்ளியில அதெல்லாம் தெரியுதா? யாரு அவ?"

"நான்தான்."

ஹார்மன் குரல் வந்த பக்கம் திரும்பினான். பிறகு மெல்லக் கேட்டான்: "அப்ப பசுவை யாரு கறக்குறது?"

"அது கெடக்கட்டும் போ."