கிரீஸ் பூசிய கொம்பியூட்டர்

1. பெட்டி வந்த காலை

மன்னார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பார்ட் அடிக்கடி பழுதாகும் என்பதுதான். உப்புக் காற்று அடிக்கிற ஊரில் எல்லாம்தான் பழுதாகும், இதென்ன கேள்வி. நான் சொல்ல வேண்டியது வேறொன்று. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணியிருக்கும். பள்ளிமுனையிலிருந்து பிலோமினா என்ற பெண் ஓட்டோவில் ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டியோடு வந்திறங்கினார். முதல் நாள் பின்னேரம் கடலுக்குப் போன அவருடைய கணவர் செபமாலையும் கூடப்பிறந்த தம்பி டெனிசும் விடியக் கரைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. கடற்படைக்குச் சொல்லியாயிற்று. கரையில் ஐந்து போட்டுகள் எண்ணெய் ஊற்றித் தயாராக நின்றன. எந்தப் பக்கம் போவதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து மீனவர்கள் தங்கள் பாரை எவருக்கும் சொல்ல மாட்டார்கள். பார் என்றால் கடலுக்கடியில் மீன் கூடுகிற கல்லுத் தரை. கூடப் பிறந்தவனுக்குக்கூட வாய் திறப்பதில்லை. செபமாலையும் அப்படித்தான். ஜி.பி.எஸ். கருவியிலிருந்த இடங்களின் இலக்கங்களை மூத்த மகளைக் கொண்டு வீட்டுக் கொம்பியூட்டரில் அடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பாருக்கும் அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். கருவி அவரோடு கடலில். யாழ்ப்பாணத்தில் படிக்கிற மகளுக்கு இலக்கங்கள் ஞாபகமில்லை.

"இண்டைக்கு மூத்தவளிட்டப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர், அண்ணை," என்றார் பிலோமினா. "மூத்தவள் எண்டு ஒரு பார் இருக்கு. அது இதுக்குள்ளதான் கிடக்கு. இது மூண்டு நாளா ஓன் ஆகுதில்லை."

2. ஒன்றரை மணித்தியாலம்

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. நீளமான பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது. றாம் பிடிபடவில்லை என்று மதர்போர்ட் சொல்கிற சத்தம் அது. மூடியைக் கழற்றினால், றாமின் பொன்னிறப் பற்களிலும் அதைச் செருகுகிற பள்ளத்திலும் மஞ்சள் கிரீஸ் அப்பிக் கிடக்கிறது!

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்த மடையன் செய்த வேலை இது என்று வாய்விட்டே கேட்டேன். தன் கணவர்தான் பூசியது என்றார் பிலோமினா. உப்புப் பிடிக்கக் கூடாதென்று போட் எஞ்சினுக்கும் பற்றரி முனைக்கும் பூசுகிற கிரீஸ். கடலில் அது சரியான வேலை. அங்கே வயரை இறுக்கிப் பூட்டிய பிறகு மேலால் பூசுவார்கள். இங்கே மனிதர் இரண்டு உலோகமும் தொடுகிற இடத்துக்கு நடுவிலேயே பூசிவிட்டார். மின்சாரம் எப்படிக் கடக்கும்?

றாமை அழிறப்பரால் தேய்த்தேன். பள்ளத்தை ஸ்பிரிட்டும் பிரஷும் கொண்டு துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து கிரீஸ் வந்தது. வேறு றாம் போட்டேன், அதே சத்தம். பவர் சப்ளையை மாற்றினேன். பீப் அடிக்கிற பெட்டிக்கு அது தேவையே இல்லாத வேலை. என் மேசைக்கு வந்த பெட்டி உயிர் வராமல் திரும்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற ஆள் நான். அந்த வீம்பில் குனிந்த தலை நிமிரவில்லை. பிலோமினாவின் போன் அடித்தபடியே இருந்தது. கரையிலிருந்து கேட்ட ஒவ்வொருவருக்கும், செய்துகொண்டிருக்கினம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

பதினொன்றரை ஆனபோது எழும்பி மேசையடிக்கு வந்தார்.

"அண்ணை, பெட்டி ஓன் ஆகாட்டிப் பரவாயில்லை. அந்த இலக்கம் இதில எந்தத் துண்டுக்குள்ள கிடக்கு?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. பவர் சப்ளை மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும். புரொசசர் கணக்குப் போடும். றாம் அந்த நேரத்து வேலையை மட்டும் வைத்திருக்கும், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மின்சாரம் இல்லாமலும் எழுதியது எழுதியபடி கிடப்பது ஹார்ட் டிஸ்கில். முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அந்த ஹார்ட் டிஸ்கில் கிரீஸ் ஒரு பொட்டும் படவில்லை.

நாலு ஸ்குரூவைக் கழற்றி, என் கடைக் கொம்பியூட்டரின் இரண்டு வயரை அதில் செருகினேன். ஐந்து நிமிடத்தில் பட்டியல் திறந்தது. ஏழாவது வரியில் மூத்தவள் இருந்தது. பிலோமினா இலக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் வாசித்தார். கரையில் ஒருவர் அவற்றைத் திருப்பிச் சொன்னார்.

3. செபமாலை வந்த நாள்

போட் அந்தப் பாருக்கு மேலேயே கவிழ்ந்து கிடந்தது. நங்கூரம் கல்லில் மாட்டியிருந்ததால் அள்ளுண்டு போகவில்லை. போட்டைப் பிடித்தபடி செபமாலை உயிரோடு இருந்தார். டெனிஸ் இல்லை. அவருடைய உடல் அடுத்த நாள் கரையொதுங்கியது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, பெட்டியை எடுக்கச் செபமாலை வந்தார். கயிறு அறுத்த காயம் உள்ளங்கையில் இன்னும் ஆறவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். காசை எடுக்கப் போனவரை வேண்டாமென்று தடுத்தேன். பெட்டி மூடியில் கையை வைத்தார்.

"மச்சான் வெயில் உச்சி திரும்பும்மட்டும் என்னோட கதைச்சுக்கொண்டிருந்தவன்," என்றார். "பிறகுதான் கையை விட்டவன். தேடி வந்த போட் கிட்ட வர அரை மணித்தியாலம் இருந்திருக்கும், அவ்வளவுதான். நான் அந்தக் கிரீஸைப் பூசியிருக்காட்டி அவன் இருந்திருப்பான்."

நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். கிரீஸால்தான் பிந்தியது என்றே ஊர் நம்பியது. பிலோமினாவும் அப்படித்தான் நம்பினார். எனக்குப் பயமாக இருந்தது. திரும்பப் பூட்டியிருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"உங்கட இலக்கம் இதுக்குள்ளதான் இருந்தது. இதில கிரீஸ் படேல்லை. பத்து மணிக்கே நான் இதைக் கழட்டியிருந்தால் பத்து அஞ்சுக்குக் கிடைச்சிருக்கும். பெட்டியை ஓன் ஆக்கிக் காட்டவேணும் எண்டு நிண்டது நான். பிழை என்ர."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கிரீஸால இல்லையோ?"

"இல்லை."

செபமாலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டெனிசை அடக்கம் செய்த அன்றும் அவர் அழவில்லை என்று பிறகு அறிந்தேன். என்னை அவர் ஏசவில்லை. ஹார்ட் டிஸ்கையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். கோயிலடியில் கண்டால் இன்றும் தலையசைப்பார். பிலோமினா என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெட்டிக்குள் மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம். ஹார்ட் டிஸ்கில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. அது என்னவென்று பெட்டியைக் கொண்டு வந்தவரிடம்தான் கேட்டு அறியலாம். இப்போது யார் வந்தாலும், இதுக்குள்ள உங்களுக்கு என்ன வேணும் என்று முதலில் கேட்கிறேன். பதில் வரும்வரை ஸ்குரூ ட்ரைவரைத் தொடுவதில்லை.