முகம் இருந்த இடத்தில்

கதவு நிலை வளைந்து தெரிந்ததுதான் முதல் அறிகுறி. ஆந்திராவில் இருக்கும் புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் கணவர் சவரம் செய்துகொள்வதைப் பேஸ்டலில் வரைந்துகொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் இருந்த நிலை நடுவில் நெளிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் நெளிந்தது.

நான் தனியார் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. பிள்ளைகளுக்கு மயிலும் தேசத் தலைவர்களும் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்காக வரைவது இவரை மட்டும்தான். நகம் வெட்டும்போது, ஈரத் தலையைத் துவட்டும்போது, நாயுடுபேட்டை கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது. பேஸ்டல் பொடிப்பொடியாக உதிரும் வண்ணக்கட்டி. விரலால் தேய்த்தால் தோலின் மென்மை வந்துவிடும். வெளியில் யாருக்கும் காட்டக் கூடாது என்பார். ஆனால் வரையும்போது அசையாமல் இருப்பார்.

சில நாட்களில் அவர் முகத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை வந்து உட்கார்ந்தது. என் இடது கண் சிறு வயதிலிருந்தே பார்வை குறைந்தது. கறை வந்தது நல்ல கண்ணில். திருப்பதிக்குப் போனோம்.

ஸ்கேன் படத்தைக் காட்டி மருத்துவர் தெலுங்கில் விளக்கினார். எனக்கு அதிகமான கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கும் குறைபாடு). அதனால் நீண்டுபோன விழித்திரையின் மாக்குலாவில் (நேராகப் பார்ப்பதைத் தெளிவாகக் காட்டும் நடுப்பகுதி) புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். "பயபடகண்டி அம்மா" என்றார். பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

இதே ஊசிக்காகக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு வலி, நினைத்த அளவுக்கு இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு அழுத்தம், பிறகு தண்ணீரில் மை கரைவதுபோல ஏதோ சுழன்றது. அவ்வளவுதான். கடினமானது அதற்குப் பிறகு வந்தது. கசிவு நின்றது; கறை போகவில்லை. போன பார்வை திரும்புவது சந்தேகம், இருப்பதைக் காப்பாற்றத்தான் ஊசி என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். என் கணவர் காதில் அது விழவில்லை. ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

கண்ணில் தூசி படக் கூடாதென்று சொல்லியிருந்ததால் வண்ணக்கட்டிகளைத் தொடாமல் இருந்தேன். அனுமதி கிடைத்ததும் முதலில் வரைந்தது இவரைத்தான். சட்டை இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோள், வயிறு, தட்டுக்கு மேல் குனிந்த கை எல்லாம் வந்தன. கழுத்துக்கு மேலே, தெரிந்ததை மட்டும் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தார்.

"இன்னா மே இது? செத்துப்போனவன் மாரி கீறேன்."

"எனக்கு அப்டிதான் தெரியுது மாமா."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தத் தாளைக் கிழிக்க எடுத்தேன், முடியவில்லை. இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்ததா என்று பார்க்க முயன்றேன், கறைதான் தெரிந்தது.

"எங்க பாத்தா நா தெரிவேன்?"

அவருடைய காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தேன். முகம் மங்கலாக ஓரத்தில் வந்தது. மீசை, கன்னத்தில் நரைத்த முடி. "இங்க பாத்தா வர்ற," என்றேன். "அப்ப அங்கயே பாத்துக்கினு இரு" என்றார். அன்று நான் வரையவில்லை.

குழாய்கள் மறுபடி கசியலாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பேருந்தில் திருப்பதிக்குப் போகிறேன். அடுத்த ஊசி வேண்டுமா என்பது அங்கே போனால்தான் தெரியும். அதுவரை இருக்கும் காலைகள்தான் என் கையில்.

முன்பு பார்ப்பதற்குக் கண்ணைத் திறந்தால் போதும். இப்போது அது உடம்பு முழுதும் சேர்ந்து செய்யும் வேலை. முடிந்ததும் கழுத்து வலிக்கிறது. குளித்துவிட்டு இவர் வந்து நிற்கிறார். நான் அவர் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் தெரிவதற்காக.